தொடாமல் அளக்கும் ஒளி: காந்த மென்படலக் கருவி ஒன்றின் சமூக வரலாறு

1

விஞ்ஞானக் கருவிகளின் வரலாற்றைச் சமுதாய வரலாற்றிலிருந்து பிரித்து நோக்கும் பழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. கருவி என்பது மேதை ஒருவரின் மூளையிற் பிறந்து, பட்டறையில் உருப்பெற்று, ஆய்வுகூடத்தை அடைவதாகவே பாடநூல்கள் சொல்லித் தருகின்றன. 1931ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மாநாட்டிலே, நியூற்றனின் தலையாய நூலுக்கும் அவர் காலத்துக் கப்பற்றொழில், சுரங்கத்தொழில், போர்த்தொழில் ஆகியவற்றுக்கும் இருந்த உறவைச் சோவியத் அறிஞர் பொரிஸ் ஹெசன் எடுத்துக்காட்டினார். 1939இல் ஜே. டி. பேர்ணால் விஞ்ஞானத்தின் சமூகப் பணி பற்றித் தனிநூலே எழுதினார். இலக்கியத்தை அது தோன்றிய சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளோடு சார்த்தி ஆராயும் நமக்கு இவ்வணுகுமுறை புதியதன்று. அதனைக் கருவி ஒன்றின்மேற் செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் கருவி, காந்த மென்படலங்களை ஒளியின் துணையால், தொடாமல் அளப்பதாகும். மென்படலம் என்பது ஒரு தளத்தின்மீது நனோமீற்றர் கணக்கில் படிய வைக்கப்படும் உலோகப் பூச்சு. ஒரு நனோமீற்றர் ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. காலி வீதி வழியே வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை கணினி திருத்தும் கடைகள் பல உள. அக்கடைகளின் மேசைகளிற் கழற்றிக் கிடக்கும் வன்தட்டுகளின் கண்ணாடி போன்ற பளபளப்பு இத்தகைய படலத்தினுடையதே. தகவல் அதன்மீது காந்தத் திசைகளாகப் பொறிக்கப்படுகிறது. அப்படலம் எவ்வளவு வலிய காந்தம், எந்த அளவு புறக்காந்தத்துக்கு அது திசைமாறும் என்பவற்றை அறியாமல் எந்தத் தொழிற்சாலையும் அதனை உற்பத்தி செய்ய இயலாது. படலத்தைத் தொட்டால் அது கீறுபடும். வெட்டியெடுத்து அளந்தால் பண்டம் அழியும். எனவேதான் ஒளி வேண்டப்படுகிறது.

2

கருவியின் இயக்கத்தை முதலிற் சுருக்கமாக விளங்கிக்கொள்வோம். சாதாரண ஒளி, செல்லும் திசைக்குக் குறுக்காக எல்லாப் பக்கங்களிலும் அதிர்கிறது. சிலவகைப் பளிங்குகளினூடாகச் சென்றால் ஒரே தளத்தில் அதிரும் பகுதி மாத்திரம் எஞ்சும். இதுவே முனைவாக்கிய ஒளி. அதனை வடித்துத் தரும் பளிங்கை முனைவாக்கி என்போம். அத்தகைய ஒளியைக் காந்தமேற்றிய பரப்பொன்றிற் பட்டுத் தெறிக்கச் செய்தால், அதிரும் தளம் சற்றே திரும்பிவிடுகிறது. இரும்பின் பரப்பிலேகூட இத்திருப்பம் ஒரு பாகையிற் சிறு பின்னமே. தெறித்த ஒளியை இன்னொரு முனைவாக்கியினூடாகச் செலுத்தி, இத்திருப்பத்தை ஒளியின் ஏற்ற இறக்கமாகக் கண்டறியலாம். அருகிலுள்ள மின்காந்தத்தின் வலிமையைக் கூட்டியும் குறைத்தும் திசைமாற்றியும் இத்திருப்பத்தைப் பதிந்தால், பின்னிடைவு வளையம் எனப்படும் வரைபடம் கிடைக்கும். படலத்தின் காந்த இயல்பு முழுவதும் அந்த வளையத்தின் வடிவில் அடங்கியுள்ளது. ஒளி உலோகத்துள் பத்து, இருபது நனோமீற்றர் ஆழத்துக்கே ஊடுருவுமாதலால், மிக மெல்லிய படலங்களை ஆராய்வதற்கு இம்முறை பெரிதும் ஏற்றது.

இவ்வறிவின் தொடக்கம் 1845ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்று, பின்னர் லண்டன் றோயல் நிறுவனத்தில் இடம்பெற்ற மைக்கேல் பரடே, கனமான ஈயக் கண்ணாடியினூடாகச் செல்லும் ஒளியின் தளத்தைக் காந்தம் திருப்புவதைக் கண்டார். ஒளியும் காந்தமும் உறவுடையன என்பதற்குக் கிடைத்த முதற்சான்று அது. காந்த முனையிற் பட்டுத் தெறிக்கும் ஒளியிலும் இத்திருப்பம் உண்டென்பதை 1876இல் அறிவித்து, 1877இல் விரிவாக வெளியிட்டவர் ஜோன் கெர். அவர் கிளாஸ்கோவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் விரிவுரையாளர். 1884இல் ஜேர்மனியரான குண்ட், ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதான இரும்புப் படலங்களில் இத்திருப்பத்தை அளந்தார். காந்த மென்படல ஆய்வின் முன்னோடி முயற்சியாக அதனைக் கொள்ளலாம்.

பாடநூல் வரலாறு இப்பெயர்களோடு நின்றுவிடுகிறது. இவர்களின் மேசைமீது இருந்த முனைவாக்கி எங்கிருந்து வந்தது என்ற வினாவை அது எழுப்புவதில்லை.

3

முனைவாக்கியின் வரலாற்றிலே நமது தீவுக்கு எதிர்பாராத இடமொன்று உண்டு. துருமலின் என இன்று உலகெங்கும் வழங்கும் மணிக்கல்லின் பெயர் ‘தோரமல்லி’ என்னும் சிங்களச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி இக்கற்களைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றது. சூடாக்கினால் சாம்பலை ஈர்க்கும் இக்கல்லைப் ‘சாம்பல் இழுப்பான்’ என்றே ஒல்லாந்தர் அழைத்தனர். இலங்கைத் தாவரங்கள் பற்றி 1747இல் வெளிவந்த தமது நூலிலே லின்னேயசு இதனை மின்கல் என்று குறித்தார். 1815ஆம் ஆண்டளவிற் பிரெஞ்சு அறிஞரான பியோ, துருமலின் தகடு ஒளியை முனைவாக்குவதைக் கண்டறிந்தார். இரண்டு துருமலின் தகடுகளைக் கம்பி இடுக்கியிற் பொருத்தினால், ஒளியியல் ஆய்வுக்கு ஒரு கையடக்கக் கருவி ஆயத்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கனிப்பொருளியலாளர் சட்டைப்பையில் வைத்துத் திரிந்த ‘துருமலின் இடுக்கி’ இதுவே. எடுத்துச் செல்லத்தக்க ஒளியியற் கருவிகளின் குடிவழியில் இது மூத்தவற்றுள் ஒன்று.

1828இல் நிக்கல் அமைத்த அரியம் துருமலினை விடத் தெளிவான ஒளியைத் தந்தது. அதற்கு வேண்டிய தெளிந்த கல்சைற்று, டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஹெல்குஸ்தாதிர் என்னும் ஒரே சுரங்கத்திலிருந்தே பெரும்பாலும் கிடைத்தது. ஐரோப்பிய ஆய்வுகூடங்களின் முனைவாக்கிய ஒளி, ஆளப்பட்ட இன்னொரு தீவின் கல்லிலிருந்து வந்தது என்பது இதனாற் பெறப்படும்.

மூன்றாவது பொருள் இன்னும் வியப்புக்குரியது. 1852இல் பிரிஸ்ரல் நகர வைத்தியரான ஹெரபத், குவினைன் ஊட்டப்பட்ட நாய் ஒன்றின் சிறுநீரில் அயடீன் கலந்தபோது தோன்றிய பச்சை நிறப் பளிங்குகளை ஆராய்ந்தார். அவை துருமலினைப் போலவே ஒளியை முனைவாக்கின. 1929இல் அமெரிக்க இளைஞரான எட்வின் லாண்ட், இப்பளிங்குகளை நுண்துகள்களாக்கி மெல்லிய தாளிற் பரப்பி ஒரே திசையில் ஒழுங்குபடுத்தும் முறைக்குக் காப்புரிமை கோரினார். போலறோய்ட் தாளின் பிறப்பு அது. விலையுயர்ந்த பளிங்கின் இடத்தை, கத்தரிக்கோலால் வெட்டத்தக்க தாள் பிடித்தது. 1938இல் குவினைனின் இடத்தில் அயடீன் ஏற்றிய செயற்கைப் பொருள் வந்தது.

குவினைன் சிங்கோனா மரப்பட்டையின் சாரம். இலங்கையில் ஹக்கலைத் தோட்டம் 1861இல் அமைக்கப்பட்டது சிங்கோனாவை வளர்ப்பதற்காகவே. 1869இற் காணப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபின், தோட்டத்துரைமார் சிங்கோனாவை நாடினர். 1880களின் நடுப்பகுதியில் இலங்கை சிங்கோனாப் பட்டையின் பெரும் ஏற்றுமதி நாடாயிற்று. சந்தை நிரம்பி விலை வீழவே, அம்மரங்கள் பிடுங்கப்பட்டுத் தேயிலை நடப்பட்டது. குவினைன் வணிகம் ஒல்லாந்தரின் யாவாத் தீவைச் சென்றடைந்தது. மரத்தை நட்டதும் பட்டையை உரித்ததும் பின்னர் அதே மண்ணில் தேயிலை நட்டதும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் கைகளே. லாண்டின் தாள் தோன்றிய காலத்துக் குவினைன் பெரும்பாலும் யாவாவினுடையது. எனினும் இலங்கையிலும் யாவாவிலும் நிலவிய உற்பத்தி முறை ஒன்றே.

4

முனைவாக்கிய ஒளி ஆய்வுகூடத்துக்கு வெளியே முதன்முதலிற் பெருவணிகத்திற் புகுந்தது காந்தத்தின் வழியாக அன்று, சீனியின் வழியாகவே. சீனிக் கரைசல் ஒளியின் தளத்தைத் திருப்பும் என்பதைப் பியோ காட்டியிருந்தார். திருப்பத்தின் அளவிலிருந்து கரைசலிலுள்ள சீனியின் அளவைக் கணிக்கலாம். 1840களிற் பாரிசு நகரக் கருவியாளர் சொலெய் அமைத்த சீனிமானி, துறைமுகங்களுக்கும் சுங்கச் சாவடிகளுக்கும் பரவிற்று. ஐக்கிய அமெரிக்கா 1883இல் இறக்குமதிச் சீனியின் வரியை இம்முறையால் அளந்து விதிக்கலாயிற்று. உலகச் சந்தையில் மூலச்சீனியின் விலை முனைவாக்கப் பாகைக் கணக்கிற் பேசப்பட்டது.

இச்செய்தியை நமது மக்களின் வரலாற்றோடு இணைத்துப் பார்த்தல் வேண்டும். 1834 முதல் மொரிசியசுக்கும், 1860 முதல் நேற்றாலுக்கும், 1879 முதல் பீஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் அனுப்பப்பட்டனர். அவர்களுட் தமிழர் பெருந்தொகையினர். பீஜியின் கரும்புத் தோட்டங்களில் மாதர் பட்ட துயரைப் பாரதியார் பாடியமையைத் தமிழ் வாசகர் அறிவர். அத்தோட்டங்களில் வெட்டப்பட்ட கரும்பின் சாறு எத்தனை பாகை என்பதைக் கண்ணாடிக் குழாய்க்குள் ஒளி அளந்தது. வெட்டியவர் எத்தனை மணிநேரம் வெயிலில் நின்றார் என்பதை அளக்கும் கருவி சுங்கச் சாவடியில் இருக்கவில்லை. பண்டத்தின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் கருவி வைத்திருப்பவனிடமும், கருவியை வைத்திருக்கும் அதிகாரம் முதலிடமும் இருந்தன. அளவை நடுநிலையானதுதான், சீனிமானி பொய் சொல்லவில்லை. எதனை அளப்பது, எவர் நலனுக்காக அளப்பது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. அதனை உடைமையாகக் கொண்ட வர்க்கமே தீர்மானிக்கிறது.

காந்தப் படலத்தை அளக்கும் கருவி, அமைப்பு முறையில், இச்சீனிமானியின் வழித்தோன்றலே. கரைசற் குழாயின் இடத்திற் காந்தமேற்றிய பரப்பை வைத்தால் இரண்டுக்கும் தத்துவம் ஒன்றே.

5

இனி, அளக்கப்பட்ட நாடுகளில் அளக்கும் முயற்சி எவ்வாறு தோன்றியது என்பதை நோக்குவோம். கெர் தமது கண்டுபிடிப்பை அறிவித்த அதே 1876ஆம் ஆண்டிலேதான் கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியக் கழகத்தை நிறுவினார். குடியேற்ற அரசின் ஏவலாலன்றி, உள்நாட்டாரின் நன்கொடையால் எழுந்த நிறுவனம் அது. அங்கேதான் 1928 பெப்ரவரி 28இல் சி. வி. ராமன், சிதறிய ஒளியிற் புதிய நிறங்கள் தோன்றுவதைக் கைக்கு அடக்கமான நிறமாலைகாட்டி ஒன்றினாற் கண்டார். அவ்வாய்வில் அவருக்கு உறுதுணையாயிருந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். 1898இல் தமிழகத்தின் வத்திராயிருப்பிற் பிறந்து, தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தவர் அவர். திரவங்களில் காந்தப்புலம் ஏற்படுத்தும் ஒளி மாற்றங்களையும் இவ்விருவரும் ஆராய்ந்தனர்.

டாக்காவிலும், 1933 முதல் மீண்டும் கல்கத்தாவிலும் கிருஷ்ணன் செய்த பணி நமது பொருளுக்கு மிக நெருங்கியது. பளிங்கு ஒன்றை மெல்லிய படிக நூலில் தொங்கவிட்டுக் காந்தப்புலத்தில் நிறுத்தி, நூலை முறுக்கி, பளிங்கு சட்டெனத் திரும்பும் கோணத்திலிருந்து அதன் காந்த இயல்பு திசைக்குத் திசை எவ்வாறு வேறுபடுகிறது என்பதை அவர் அளந்தார். பெரும் பொருட்செலவின்றி நுண்மையான முடிவுகளைத் தந்த முறை அது. அவர் ஆராய்ந்த பொருள்களுட் பென்சிற்கரியும் ஒன்று. அப்பளிங்கின் அச்சுத் திசையிலுள்ள எதிர்க்காந்த இயல்பு, அதன் தட்டுத் திசையில் உள்ளதைப் போல ஏறத்தாழ நாற்பது மடங்கு என்பதையும், தட்டுகளில் தாராளமாக இயங்கும் இலத்திரன்களே அதற்குக் காரணம் என்பதையும் கங்குலியுடன் சேர்ந்து 1941இல் அவர் வெளியிட்டார்.

பென்சிற்கரி இலங்கையின் பெயரோடு உலகச் சந்தையிற் பிணைந்திருந்த பொருள் என்பதை ஈண்டு மனங்கொள்ள வேண்டும். போகலை, கஹட்டகஹ, கொலங்கஹ முதலிய சுரங்கங்களிலிருந்து வந்த கரி, கொழும்புக் களஞ்சியங்களிற் பெண்களாற் பொறுக்கித் தரம் பிரிக்கப்பட்டு, பீப்பாக்களில் அடைக்கப்பட்டு, கப்பலேறியது. உருக்கு வார்க்கும் மூசைகளுக்கு அது இன்றியமையாதது. ஆதலின் முதலாம் உலகப்போர் அதன் ஏற்றுமதியை உச்சத்துக்கு உயர்த்திற்று. சாராயக் குத்தகையோடு பென்சிற்கரியும் சேர்ந்தே இலங்கையின் தேசிய முதலாளி வர்க்கத்தை உருவாக்கிற்று என்பதை வரலாற்றாசிரியர் காட்டியுள்ளனர். சேனநாயக்க குடும்பத்தின் செல்வத்துக்கும் அதுவே ஓர் ஊற்று. ஆயினும் அவ்வர்க்கம் ஈட்டிய இலாபம் காணிக்கும் மாளிகைக்கும் தென்னந்தோட்டத்துக்குமே சென்றது. அப்பொருளின் இயல்பை அறியும் ஆய்வுகூடமாக அது மாறவில்லை. பென்சிற்கரியின் அணு அமைப்பை 1924இல் வகுத்தவர் றோயல் நிறுவனத்தில் இருந்த பேர்ணால். அதன் காந்தத்தை அளந்தவர் கல்கத்தாவில் இருந்த கிருஷ்ணன். கரியைத் தோண்டிய தீவில் 1921இற் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942இற் பல்கலைக்கழகமும் தோன்றின. ஏ. டபிள்யூ. மயில்வாகனம் போன்ற பௌதிகவியற் பேராசிரியர்கள் அங்கு மாணவரைப் பயிற்றினர். அறிவாற்றலுக்குக் குறைவிருக்கவில்லை. அறிவைக் கருவியாக மாற்றும் கைத்தொழில் அடித்தளமே இருக்கவில்லை. கல்கத்தாவுக்கும் கொழும்புக்கும் இடையேயான வேறுபாட்டை இவ்வடிப்படையிலேயே விளக்கலாம்.

6

இரண்டாம் உலகப் போரின் பின்னர் காந்தப் படலம் தொழிற்பொருளாயிற்று. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் விற்பனைக்கு விட்ட கணினித் தட்டுக் களஞ்சியத்தில், இரும்பு ஒட்சைட்டுப் பூசிய ஐம்பது பெரிய தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து ஐம்பது இலட்சம் எழுத்துகளையே கொண்டன. கொள்ளளவு பெருகப் பெருகப் படலம் மெலிந்தது. மெலிந்த படலத்தை அளக்கும் தேவை கூர்மையுற்றது. 1985இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தில் மூக், பேடர் ஆகிய இருவரும், பொன்னின்மீது அணுவடுக்குக் கணக்கிற் படிந்த இரும்பின் பின்னிடைவு வளையத்தைக் கெர் விளைவினாற் பதிந்துகாட்டினர். நூறாண்டு பழைமையான விளைவு புதுவாழ்வு பெற்றது. அடுத்த ஆண்டு ஜேர்மனியிற் குறூன்பேர்க், குரோமியப் படலத்தின் இருபுறமும் உள்ள இரும்புப் படலங்கள் எதிரெதிர்த் திசையிற் காந்தமேறுவதை ஒளிச்சிதறலாற் கண்டார். அது ராமன் கண்ட சிதறலுக்கு உறவுடையது. 1988இல் அவரும் பிரான்சின் ஃபேர்ட்டும் தனித்தனியே கண்ட பெருங்காந்தத்தடை விளைவு 2007இல் நோபல் பரிசு பெற்றது. அவ்விளைவினால் இயங்கும் வாசிப்புத் தலைகளைக் கொண்ட வன்தட்டுகள் 1997இற் சந்தைக்கு வந்துவிட்டிருந்தன. கண்டுபிடிப்புக்கும் பண்டத்துக்கும் இடையிற் பத்தாண்டுகூடச் செல்லவில்லை.

அப்பண்டத்தை உற்பத்தி செய்தவர் எவர்? 1980களின் தொடக்கத்திலிருந்து வன்தட்டுத் தொழில் சிங்கப்பூர், பினாங்கு, தாய்லாந்து ஆகிய இடங்களுக்கு நகர்ந்தது. தூசு புகாத அறைகளில் முகமும் தலையும் மூடி வேலைசெய்தவர்களிற் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் மூழ்கியபோது உலகெங்கும் வன்தட்டுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. யாருடைய உழைப்பில் அத்தொழில் நிற்கிறது என்பதை அவ்வெள்ளமே அளந்து காட்டிற்று. 1978இற் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயத்தைத் திறந்த நமது நாடு, அதே உலகப் பிரிவினையில் தையலுக்கு ஒதுக்கப்பட்டது.

இக்காலப்பகுதியிலேதான் கருவி சுருங்கலாயிற்று. வில்விளக்கின் இடத்தில் சில மில்லிவாற்று வலுவுள்ள லேசர் இருவாயி. கண்ணின் இடத்தில் ஒளி இருவாயி. மிக நுண்ணிய அளவைகளுக்குக் கல்சைற்று அரியம் இன்றும் வேண்டப்படினும், ஏனையவற்றுக்குப் போலறோய்ட் வகைத் தாளே போதுமானது. அறையை நிறைத்த அமைப்பு, மேசைக்கும் பின்னர்ப் பெட்டிக்கும் அடங்கிற்று. படலத்தைக் கருவியிடம் கொண்டுசெல்லாமல், கருவியைப் படலத்திடம் கொண்டுசெல்லலாம் என்ற நிலை தோன்றிற்று.

7

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது யாது? கருவி எளிமையடைவது தானாகவே மக்களுக்கு விடுதலை தருவதில்லை. சட்டைப்பையில் அடங்கிய துருமலின் இடுக்கி, கல் பிறந்த நாட்டுக்கு ஒளியியலைக் கொண்டுவரவில்லை. எனினும் எளிமை ஒரு வாய்ப்பு. முன்னர், ‘எங்களிடம் வசதியில்லை’ என்ற கூற்று உண்மையாயிருந்தது. இன்று லேசர் இருவாயியும் இரண்டு முனைவாக்கித் தாளும் சிறு மின்காந்தமும் ஒளி உணரியும் கொழும்பின் எந்தப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கும் எட்டாதன அல்ல. அதிர்வையும் மின்னிரைச்சலையும் அடக்கும் பொறுமையும் திறனும் வேண்டும். அவை பயிற்சியால் வருவன. கிருஷ்ணனின் படிக நூல் நமக்கு உணர்த்துவது இதுவே. வறுமையைப் போற்றுவதற்கு அவர் உதாரணமல்லர். கருவியைத் தாமே அமைத்தமையால் எதனை அளப்பது என்பதையும் தாமே தீர்மானித்தார் என்பதற்கே அவர் உதாரணம்.

1971இல் நமது பென்சிற்கரிச் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2008இல் நனோ தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று அரசும் தனியாரும் சேர்ந்து அமைக்கப்பட்டது. கரியிலிருந்து கிரபீன் என்னும் ஓரணுப் படலத்தைப் பெறும் முயற்சி அங்கு நிகழ்ந்தது. இவை வரவேற்கத்தக்கன. ஆனால், அளக்கும் அறிவு சில நிறுவனங்களின் மதிலுக்குள் ஆங்கிலத்தில் மட்டும் நிற்குமாயின், பழைய உறவுமுறையே புதிய பெயரில் தொடரும். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தார் பௌதிகவியலுக்குத் தமிழ்க் கலைச்சொற்களை ஆக்கினர். முனைவாக்கம், தெறிப்பு, அரியம், இருவாயி என இக்கட்டுரை எளிதிற் கையாளும் சொற்கள் அம்மரபு தந்தவை. தோட்டப் பாடசாலையிலிருந்தும் வன்னிப் பாடசாலையிலிருந்தும் வரும் மாணவர் ஒளியியலின் வாயிலுக்குள் நுழைந்தது அச்சொற்களைப் பற்றிக்கொண்டே. சொல் அவர்களிடம் சேர்ந்தது. கருவி இன்னும் முழுமையாகச் சேரவில்லை.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. பல்கலைக்கழகங்களின் பௌதிகவியற் பகுதிகள் இத்தகைய கையடக்கக் கருவிகளைத் தாமே அமைக்க வேண்டும். அவற்றைக் கொழும்புக்கு வெளியேயுள்ள பாடசாலைகளுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அமைக்கும் முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வெளியிட வேண்டும். சிங்கோனாப் பட்டையை உரித்தவரின் கொள்ளுப்பேத்தி, பெட்டிக்குள் அடங்கிய கருவியொன்றின் திருகைத் திருப்பி, திரையில் பின்னிடைவு வளையம் வளர்வதைக் காணும் நாளிலேதான், இக்கருவியின் வரலாற்றில் அவளுடைய முன்னோர் செய்த பங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கொள்ளலாம்.